போனக்காட்டுப் பாதை

பொதிகை மலையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இலர். அகத்திய முனிவர் உறைவதாகச் சொல்லப்படும் மலை, தென்றல் பிறக்கும் மலை, தாமிரபரணி தோன்றும் மலை என்று பள்ளிப் பருவத்திலேயே நாம் அதனை அறிந்து கொள்கிறோம். ஆயினும் அம்மலையின் அருகே சென்று மீள எளிய வழி யாது என்று வினவினால், நம்மில் பலர் பாபநாசத்தையே சுட்டுவர். மலையின் மேற்குப் புறத்திலும் ஒரு வழி உண்டு. கேரள மாநிலத்தின் தலைநகராகிய திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், நெடுமங்காடு வட்டத்தில், போனக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அகத்தியகூடத்துக்கு ஏறும் காட்டுப்பாதை இன்று அங்கிருந்தே தொடங்குகிறது.

மும்பையிலிருந்தும் தில்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்காக நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் திரும்பும் அன்பர்கள் பலர், திருவனந்தபுரத்தில் இறங்கி ஊருக்குச் செல்பவர்களே. அவர்கள் ஒரு பகற்பொழுதை ஒதுக்கினால், காலையில் புறப்பட்டுப் போனக்காட்டைக் கண்டு மாலையில் நகருக்குத் திரும்பிவிடலாம். கேரள அரசுப் பேருந்தும் அங்கே செல்கிறது. காட்டுக்குள் நுழைய வேண்டுமாயின் வனத்துறையின் அனுமதி வேண்டும். அத்துறை ஏற்பாடு செய்யும் வழிகாட்டி உடன் வருவார்.

அந்த வழிகாட்டியைப் பற்றியே நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று நம்மை ஒருவர் அழைத்துச் செல்வதுபோலவே, இம்மலைக்கு முன்னர் வந்தவர்களையும் யாரோ அழைத்துச் சென்றிருக்கின்றனர். வானியல் அறிஞர் வந்தார். தாவர நூலார் வந்தனர். தோட்டத் துரைமார் வந்தனர். அவர்களுடைய பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. வழி காட்டியவர், சுமை தூக்கியவர், சாலை வெட்டியவர், கொழுந்து பறித்தவர் ஆகியோருடைய பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவர்கள் பெற்ற பயன் என்ன என்ற கேள்வியோடு இவ்வழியே சென்றால், அறுபது கிலோமீட்டர் சாலை நமக்கு நெடிய வரலாறு ஒன்றைக் காட்டும்.

பயணம் தொடங்கும் நகரிலேயே அவ்வரலாறும் தொடங்குகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின்மேல் பழைய வானாய்வு நிலையம் இன்றும் நிற்கிறது. இசையில் வல்லவராகிய சுவாதித் திருநாள் மன்னர் 1837ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். ஜான் கால்டிகாட் என்பவர் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1850களின் தொடக்கத்தில் அப்பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஜான் ஆலன் பிரவுன். காந்த ஊசி நாள்தோறும் சிறிதளவு அசைகிறது. அவ்வசைவு இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் வேறுபடுகிறது. காந்தவியலார் குறிக்கும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அமைந்த திருவனந்தபுரம் இவ்வசைவை ஆராய மிகவும் ஏற்ற இடம். கடலோரச் சமவெளியில் ஊசி எவ்வாறு அசைகிறது, அதே வேளையில் உயர்ந்த மலைமுடியில் எவ்வாறு அசைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பிரவுன் விரும்பினார். காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அவ்வாறே அளக்க எண்ணினார். அதற்கு அவர் தேர்ந்த முடி அகத்தியமலை.

கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் 1855ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. சாலையில்லாத காடு, யானை நடமாடும் சரிவுகள், ஆண்டின் பெரும்பகுதியில் ஓயாத மழை. கண்ணாடிக் குழாய்களும் நுண்ணிய ஊசிகளும் கொண்ட கருவிகள் உடையாமல் மேலே சென்றாக வேண்டும். அவற்றைத் தோளில் சுமந்தவர்களும், முன்னே நடந்து புதரை வெட்டியவர்களும், பனியிலும் காற்றிலும் இரவுகளைக் கழித்து அளவுகளைக் குறித்தவர்களும் இல்லாமல் அப்பணி நடந்திராது. பிரவுன் 1857ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலும் அகத்தியர் முடியிலும் இருந்த மன்னருடைய ஆய்வு நிலையங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். 1865இல் திருவிதாங்கூரை விட்டுச் சென்ற பின்னும், இங்குத் திரட்டிய அளவுகளை ஆராய்ந்து 1874இல் பெருநூலாக வெளியிட்டார். பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் மாற்றம் ஒன்றை அவர் கண்டறிந்தார். சூரியனின் சுழற்சியோடு அது தொடர்புடையது. உலக அறிவியலுக்குப் பொதிகை அளித்த கொடை இது. நகரின் அருங்காட்சியகமும் பொதுப் பூங்காவும் உருவானதிலும் பிரவுனுக்குப் பங்குண்டு.

நகரை விட்டு வடகிழக்கே செல்லும் சாலை முதலில் நெடுமங்காட்டை அடைகிறது. மலைப்பொருளும் சமவெளிப் பொருளும் கைமாறிய பழைய சந்தை ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை அரசியோடு தொடர்புடைய கோயிக்கல் அரண்மனை இங்கே இருக்கிறது. நாட்டார் வாழ்வியற் பொருள்களும் பழங்காசுகளும் இன்று அதில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஆனால் நெடுமங்காட்டுச் சந்தையின் பெருமை வேறொன்றிலும் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் சந்தைக்குள் நுழைந்து பொருள் வாங்கவும் விற்கவும் தடை இருந்த நாளில், 1912ஆம் ஆண்டில், அய்யன்காளி தம் மக்களோடு இங்கே வந்து அவ்வுரிமையை நிலைநாட்டப் போராடினார். இந்தப் பொதுச்சாலையில் நாம் எவ்விதத் தடையுமின்றிச் செல்கிறோம் என்றால், அதற்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இவ்வூர் நினைவூட்டுகிறது.

நெடுமங்காட்டைக் கடந்தபின் ரப்பர்த் தோட்டங்கள் இருபுறமும் சூழ்கின்றன. அடுத்த பெரிய ஊர் விதுரா. இங்கிருந்து ஒரு சாலை பொன்முடிக்கும் மற்றொன்று போனக்காட்டுக்கும் பிரிகின்றன. பிரவுன் கருவி சுமந்து சென்ற மலையின் அடிவாரத்தில், விதுராவை அடுத்த மருதாமலையில், இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. இந்நிறுவனம் 2008இல் தொடங்கப்பெற்றது.

போனக்காட்டுச் சாலையில் வனத்துறையின் சோதனைச் சாவடி ஒன்று குறுக்கிடுகிறது. அவ்விடத்தின் பெயர் காணித்தடம். பெயரைச் சற்று நின்று கேட்க வேண்டும். காணிகளின் தடம் என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. காணிக்காரர் என்றும் காணிகள் என்றும் அழைக்கப்படும் பழங்குடியினர் அகத்தியமலையின் இருபுறமும் வாழ்கின்றனர். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் காடுகளிலும், தமிழ்நாட்டில் பாபநாசம், கன்னியாகுமரிக் காடுகளிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. காணி என்ற சொல் நமக்குப் புதியதன்று. வழிவழியாக வரும் நிலவுரிமையைத் தமிழ்க் கல்வெட்டுகள் காணி என்றே குறிக்கின்றன. ஆதலின் காணிக்காரர் என்றால் நிலவுரிமை உடையோர் என்று பொருள் கூறுவர். ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுக்காணி என்னும் தலைவர் இருந்தார். நோய் தீர்க்கவும் வழிபாடு நடத்தவும் பிலாத்தி என்பவர் இருந்தார்.

நகரத்தார் காட்டுக்கு வரும் பயணத்தைப் பற்றியே நாம் பேசி வருகிறோம். காட்டவர் நகருக்குச் செல்லும் பயணமும் ஒன்று உண்டு. ஓணத் திருநாளுக்கு முன்பு காணிகள் தேன், வாழைக்குலை, மூங்கிற் பொருள்கள் முதலிய காட்டு விளைவுகளைச் சுமந்து திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்று அரச குடும்பத்தாரைக் கண்டு, புத்தாடையும் பரிசும் பெற்றுத் திரும்புவர். முடியாட்சி நீங்கிய பின்னும் இவ்வழக்கம் தொடர்ந்தது. வீரமார்த்தாண்டவர்மர் பகைவருக்கு அஞ்சி மறைந்து திரிந்த காலத்தில் காணிகள் அவருக்கு அடைக்கலம் தந்தனர் என்று ஒரு வழக்கும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், காட்டின் மக்கள் அரசரைத் தம் விருந்தாளிபோலவும், அரசர் அவர்களைத் தம் குடிகள்போலவும் கருதிய உறவு ஒன்று இருந்தமை தெளிவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசு காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவித்தபோது அவ்வுறவு மாறியது. தாம் பிறந்த காட்டில் தாமே அனுமதி பெற்று வாழ வேண்டியவராயினர் காணிகள். நெடுங்காலம் கழித்து, 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமே அவர்கள் போன்றாருக்குக் காட்டில் உரிமை உண்டு என்பதை எழுத்தில் ஏற்றது.

காணிகள் காட்டிய வழிகளுள் உலகமறிந்தது ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டில் பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் ஆய்வுக்காக அறிவியலார் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் ஏறியது. அக்குழுவைப் புஷ்பாங்கதன் என்னும் தாவரவியலார் வழிநடத்தினார். மலையேற்றத்தில் அறிவியலார் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிகளாக வந்த காணிகளோ களைப்பறியாமல் நடந்தனர். இடையிடையே சிறு பழங்களை எடுத்து மென்றனர். அவர்கள் கொடுத்த பழத்தை உண்டதும் அறிவியலாருக்கும் புத்துணர்ச்சி உண்டாயிற்று. அது என்ன செடி என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்கவில்லை. குலத்துக்கு உரிய அறிவைப் பிறருக்கு வெளியிடலாகாது என்பது அவர்கள் மரபு. அறிவைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி பெற்ற பின்னரே செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என இன்று வழங்கும் மூலிகை அதுவே.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் 1979இல் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆராய்ச்சி நிலையம் அச்செடியை ஆராய்ந்து, வேறு மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் அம்மருந்தைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூரிலுள்ள ஆர்ய வைத்திய மருந்தகத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு விழுக்காட்டுப் பங்குக்கும் அளிக்கப்பட்டது. அவ்வருவாயில் பாதி காணிகளுக்கு உரியது என்று நிலையம் முடிவு செய்தது. பணத்தைப் பெறுவதற்காகக் காணிகளின் நல அறக்கட்டளை ஒன்று 1997இல் பதிவாயிற்று. செடியைக் காட்டிய மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோருடைய பெயர்கள் ஏட்டில் ஏறின. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலக அரங்குகளில் இது பேசப்பட்டது. குறைகளும் கூறப்பட்டன: காணிகள் எல்லாரையும் கேட்டு இம்முடிவு எடுக்கப்படவில்லை என்றனர் சிலர், ஒதுக்குக் காட்டில் செடி பறிக்கவும் பயிரிடவும் வனத்துறையின் தடைகள் இருந்தமையால் மருந்துக்கு வேண்டிய பச்சிலை போதிய அளவு கிடைக்கவில்லை. இருப்பினும், வழிகாட்டிக்கு நாட்கூலியோடு கணக்கு முடிந்துவிடவில்லை என்பதை முதன்முதலில் ஓர் அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்ட இடம் இம்மலை என்பதில் ஐயமில்லை.

சாவடியைக் கடந்து மேலே சென்றால் தேயிலைத் தோட்டம் வருகிறது. இவ்வூர்ப் பெயர் மற்றொரு வரலாற்றைச் சொல்கிறது. பழைய தாவர நூல்களில் இவ்விடம் ‘போன் அக்கார்டு’ என்று எழுதப்பட்டிருக்கிறது. நல்லிணக்கம் என்று பொருள்படும் அத்தொடர், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தின் சின்னத்தில் பொறித்த முழக்கமாகும். அருகிலுள்ள மெர்ச்சிஸ்டன், பிரேமோர் ஆகிய தோட்டங்களின் பெயர்களும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. தம் ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த துரைமார், தம் ஊர்ப் பெயரை இம்மலையில் நட்டனர். அப்பெயரைத் தொழிலாளர் தம் வாய்க்கு இசைந்தபடி மாற்றினர். காட்டின் நடுவில் இருந்த ஊருக்குப் போனக்காடு என்ற பெயர் இயல்பாகவே பொருந்திவிட்டது. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் நம்மவர் நட்டு வைத்த பெயர்களும், அந்தந்த ஊரார் வாயில் அவை மாறிய விதமும் நாம் அறிந்தவையே.

தென்னிந்திய மலைகளில் துரைமார் முதலில் பயிரிட்டது காப்பி. 1869இல் இலங்கையில் காப்பி இலைத் துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் தென்னிந்திய மலைகளுக்கும் பரவிற்று. காப்பி அழிந்தபின் சிங்கோனாவைச் சிலர் முயன்றனர். இறுதியில் தேயிலையே நிலைத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்களின் விரல்கள் வேண்டும். கவாத்து வெட்டவும் காடு திருத்தவும் ஆண்களின் தோள்கள் வேண்டும். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களை வாட்டிய திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் ஆட்களைத் திரட்டினர். முன்பணம் கொடுத்து அழைத்து வந்த கங்காணி, அம்முன்பணம் தீரும்வரை தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தார். ஆரல்வாய்மொழி, ஆரியங்காவுக் கணவாய்கள் வழியே மக்கள் திருவிதாங்கூர் மலைகளுக்கு வந்தனர். 1904இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே இருப்புப்பாதை திறந்தபோது அவ்வழி இன்னும் சுருங்கிற்று.

இங்கு வந்தவர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் ஓர் அறையிலும் ஒரு திண்ணையிலும் குடும்பம் நடத்தினர். விடியுமுன் ஆள்கணக்கெடுப்பு; மாலையில் கொழுந்து எடை; இடையில் அட்டைக்கடியும் மழையும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் 1969இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினம் இத்தகைய வாழ்க்கையைப் படம்பிடித்தது. விடுதலைக்குப் பின் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் குடிநீரும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் முதலாளி அளிக்க வேண்டியவை என்று வகுத்தது. அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு முடிச்சும் இருந்தது. வீடு வேலையோடு இணைந்திருந்தது. வேலை நின்றால் வீட்டின் மேல் உரிமை இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் நிலம் ஒரு முழமும் சொந்தமாவதில்லை. காணி என்ற சொல் நிலவுரிமையைக் குறித்த மலையில், நிலமற்ற காணியில்லாதவராகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர்.

இந்நிலையில் 1956ஆம் ஆண்டு வந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காக நேசமணி முதலியோர் நடத்திய இயக்கமும், 1954 ஆகஸ்டு 11இல் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்த உயிர்களும் குமரி மாவட்டத்தார் நெஞ்சில் நிற்பவை. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. நெடுமங்காட்டு மலைத் தோட்டங்களில் சிதறி வாழ்ந்த தமிழரைப் பற்றி அப்போராட்டத்தில் அதிகம் பேசுவார் இல்லை. அவர்கள் இடம் பெயரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்கள் தலைக்கு மேலே, மலையின் முதுகு வழியாகச் சென்றது. அக்கோட்டின் கிழக்கே தாமிரபரணி, மேற்கே கரமனை ஆறு. இரண்டும் ஒரே மலைத்தொடரின் மழையில் பிறந்தவை.

கரமனை ஆற்றைப் பற்றி இங்கே ஒரு சொல் கூற வேண்டும். திருவனந்தபுரம் நகரம் குடிக்கும் நீர் அவ்வாற்றினுடையது. 1933இல் அருவிக்கரையிலிருந்து குழாய்வழி நீர் நகருக்கு வந்தது. தேவை பெருகியதும் மேலே பேப்பாறையில் அணை கட்டப்பெற்று 1983இல் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அதனைச் சூழ்ந்த காடு பேப்பாறை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நகரத்தின் நீருக்காகவே காடு காக்கப்படுகிறது என்றாலும் மிகையாகாது. தெற்கே நெய்யாறு சரணாலயம் 1958லேயே அமைந்தது. கிழக்கே தமிழ்நாட்டில் களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்கள் இணைந்து 1988இல் புலிகள் காப்பகமாயின. இவையும் பிறவும் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அமைந்தது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபுச் சின்னமாயிற்று. 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் அகத்தியமலை இடம் பெற்றது. தேசியப் பூங்கா என்று பலர் இதனைச் சொல்வதுண்டு. சட்டத்தின்படி இது சரணாலயமே. தேசியப் பூங்காவில் தனியார் உரிமை எதற்கும் இடமில்லை. சரணாலயத்தில் அங்கு வாழ்வாரின் சில உரிமைகள் தொடர இடமுண்டு. காணிக் குடியிருப்புகள் உள்ள இம்மலைக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

ஒரு பகற்பயணமாக வருவோர் அகத்தியகூடத்தின் முடியை அடைய இயலாது. முடிக்குச் சென்று மீள மூன்று நாள் வேண்டும். முதல் நாள் மாலை அதிருமலை முகாமை அடைந்து, மறுநாள் முடியேறி, மூன்றாம் நாள் போனக்காட்டுக்கு இறங்குவது வழக்கம். ஆண்டுதோறும் தை மாதத் தொடக்கத்தில் பருவம் தொடங்குகிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. நீண்ட காலம் பெண்களுக்கு இங்கு அனுமதி இல்லை. 2018 நவம்பர் இறுதியில் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2019 சனவரியில் கே. தன்யா சனல் என்னும் அரசு அலுவலர் அத்தீர்ப்புக்குப்பின் முடியேறிய முதற்பெண்ணானார். தம் குலமுனிவர் உறையும் இடமென்று அம்முடியைப் போற்றும் காணிகள் அமைதியான முறையில் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். மலையேறும் உரிமையும் வழிபடும் மரபும் ஒரே பாதையில் எதிரெதிரே நின்றன. இத்தகைய வழக்குகளில் தீர்ப்பு வந்த பின்னும், வழிகாட்டுவோரும் வழிநடப்போரும் ஒருவரையொருவர் மதித்து நடந்தாலன்றிப் பாதை இனிதாவதில்லை.

முடிக்குச் செல்லாதவருக்கும் காண்பதற்கு இடங்கள் உள. விதுராவுக்கும் போனக்காட்டுக்கும் இடைப்பட்ட சாத்தங்கோட்டை அடுத்த காட்டில் வாழ்வான்தோல் அருவி இருக்கிறது. வனத்துறையின் உள்ளூர்க் குழுவைச் சேர்ந்த வழிகாட்டி அதுவரை உடன் வருவார். காட்டுப்பாதையில் அவர் காட்டும் இலையும், கேட்கச் சொல்லும் ஒலியும், ‘இங்கே பேச வேண்டாம்’ என்று விரல் உயர்த்தும் இடமும் நமக்கு நூல் தராத அறிவு.

ஆனால் போனக்காட்டுக்கு வரும் இளைஞர் பலர் இந்நாளில் தேடி வருவது அருவியையும் அன்று, அகத்தியரையும் அன்று. பழைய துரை பங்களா ஒன்று பாழடைந்து நிற்கிறது; அதில் பேய் உலவுவதாக ஒரு கதை பரவியிருக்கிறது. இருட்டில் அதைப் படம் எடுப்பதற்காக வருகின்றனர். அப்பங்களாவுக்குச் சிறிது தொலைவிலேயே, கூரை ஒழுகும் லயங்களில், உயிருள்ள மனிதர் வாழ்கின்றனர். தோட்டம் நலிந்து, தேயிலைத் தொழிற்சாலை நின்று, இயந்திரங்கள் துருவேறின. ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையாக நிற்கத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். வேலை தேடிப் பலர் கீழே இறங்கினர். போக இடமில்லாதோர் தங்கினர். தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர் இவர்களுள் பலர். இல்லாத பேயைக் காண மலையேறுவோர், இருக்கும் மனிதரைக் காணாமல் திரும்புவது நம் காலத்தின் விந்தை.

மலையின் கிழக்கேயும் நிலைமை வேறன்று. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட நிலத்தில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் எழுந்தது. குத்தகை 2028இல் முடிவதை ஒட்டி, 2024இல் தோட்டப்பணி நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தொழிலாளர் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை உண்டாயிற்று. காடு காடாக மீள வேண்டும் என்பது நியாயமான விருப்பம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக் காலம் அக்காட்டில் உழைக்க அழைத்து வரப்பட்டவருக்குக் கீழே ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும் உறுதி செய்வது அவ்விருப்பத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். ஆரோக்கியப்பச்சையைக் காட்டிய காணிக்கு உரிய பங்கைக் கணக்கிட ஒரு வழி காண முடிந்ததெனில், தேயிலைச் செடியைக் காத்து வளர்த்த கைகளுக்கு உரியதைக் கணக்கிட முடியாதா?

இம்மலையின் பழமையை நாம் மறந்து இவ்வாறு கூறவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க நூலார் குறிக்கும் பெட்டிகோ மலை பொதிகையே என்பர் ஆய்வாளர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தெற்கே மலய மலையையும் அதனையடுத்த போதலகத்தையும் பற்றி எழுதினார். பொதியில் மலைக்கு உரியவனாக ஆய் அண்டிரனைப் புறநானூறு போற்றுகிறது. இவ்வளவு பெயர் பெற்ற மலை வேறு எத்தனை உண்டு? ஆயினும் ஒரு மலையின் பெருமை அதனைப் பாடியவரால் மட்டும் நிலைப்பதில்லை. அதன் தடங்களை அறிந்து காத்து, பிறரைக் கைபிடித்து அழைத்துச் சென்றவராலும் நிலைக்கிறது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் திருவனந்தபுரத்தில் இறங்கும் அன்பர்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி பெறுவது நன்று. மழைக்காலத்தில் அட்டையும் வழுக்கலும் மிகுதி, பனிக்காலமே ஏற்றது. நெகிழிப்பைகளைச் சாவடியிலேயே விட்டுவிட வேண்டும். வழிகாட்டியின் பெயரைக் கேட்டு அறிந்து, பெயர் சொல்லி அழைத்து, அவருக்கு உரியதைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். லயத்தைக் கடக்கும்போது அங்குள்ளோரைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு சொல் பேசலாம். நம் மொழி அங்கே விளங்கும். எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று அவர்கள் நம்மையும் கேட்பார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வேரூன்றியவர் என்ற முறையில், அக்கேள்விக்கு நம்மிடமும் அவர்களிடமும் இருக்கும் விடை ஏறக்குறைய ஒன்றே.